பட்டு, ரோஜா, முத்திரையிட்ட கடிதம்: ஒரு ரொக்கோக்கோ உருவப்படத்தை எப்படிப் படிப்பது?

படம் வரைந்து தரும் செயலிகளில் 'ரொக்கோக்கோ பாணியில் ஒரு சீமாட்டி, எண்ணெய் ஓவியம்' என்று தட்டினால் சில நொடிகளில் ஒரு முகம் வந்து நிற்கிறது. சிவந்த கன்னம், அடுக்கடுக்காய் லேஸ், ரோஜாப் பூக்கள், பின்னால் மங்கலாக ஒரு தோட்டம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கூடவே நியாயமான ஒரு குழப்பமும் வருகிறது. ரொக்கோக்கோ என்பது இவ்வளவுதானா? பூவும் பட்டும் பவுடரும் மட்டும்தான் என்றால், இந்த வகை ஓவியங்களுக்கு லண்டன், பாரிஸ், மூனிக் அருங்காட்சியகங்கள் ஏன் இத்தனை மதிப்புக் கொடுக்கின்றன?

பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ரொக்கோக்கோ காலத்தின், அதாவது 18ஆம் நூற்றாண்டின், ஓர் ஓவியத்தை எடுத்துப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1756இல் வரைந்த, அரசர் 15ஆம் லூயியின் காதலியாக இருந்த மதாம் த போம்பதூரின் உருவப்படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூனிக் நகரின் ஆல்ட்டே பினக்கோத்தேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். எதிரில் நின்றால் ஏறக்குறைய ஆள் அளவு. இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு அலங்காரமும் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலை அரசியல் வேலை.

## வசையாகப் பிறந்த பெயர்

பிரெஞ்சில் 'ரொக்காய்' என்றால் கிளிஞ்சலும் சிறு கற்களும் பதித்துச் செய்யும் வேலைப்பாடு. தோட்டங்களில் செயற்கைக் குகைகளுக்கும் நீரூற்றுகளுக்கும் அப்படிச் செய்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தக் கிளிஞ்சல் வளைவுகள் அறைச் சுவர்களுக்கும் கண்ணாடிச் சட்டங்களுக்கும் நாற்காலிக் கால்களுக்கும் வந்து சேர்ந்தன. 'ரொக்கோக்கோ' என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அது பிறந்தபோது பாணியே முடிந்துபோயிருந்தது. 1790களில் ழாக்-லூயி தாவீத் என்ற ஓவியரின் மாணவர்கள் பழைய தலைமுறையைக் கேலி செய்யப் பயன்படுத்திய சொல் அது. 1770இல் இறந்துபோன பூஷேவுக்குத் தான் ரொக்கோக்கோ ஓவியர் என்று தெரியவே தெரியாது.

பாணி ஏன் வந்தது என்பதற்கு ஒரு தேதி உதவும். 1715இல் 14ஆம் லூயி இறந்தார். அடுத்த அரசர் 15ஆம் லூயி அப்போது ஐந்து வயதுக் குழந்தை. ஆட்சியைப் பார்த்துக்கொண்ட ஓர்லேயான் கோமகன் அரசவையை வெர்சாயிலிருந்து பாரிசுக்கு மாற்றினார். பிரபுக்கள் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். மாபெரும் அரண்மனைக் கூடத்தின் இடத்தில் சிறிய, வசதியான அறைகள் வந்தன. பல வீடுகளில் இலக்கியமும் தத்துவமும் பேசும் கூட்டங்களைப் பெண்களே நடத்தினார்கள். அந்த அறைக்குப் பொருந்தும் ஓவியம் வேண்டும். கறுப்பும் பொன்னும் மோதும் பரோக் என்ற முந்தைய பாணியின் நாடகத்தனம் அங்கே தாங்காது. வெளிர் நிறம், வளைந்த கோடு, கைக்கு எட்டும் பொருள்கள், பேச்சுக்கு நடுவில் சற்றே திரும்பிப் பார்க்கும் முகம் என்றுதான் ரொக்கோக்கோ உருவப்படம் உருவாயிற்று.

## படத்தில் இருப்பவர் யார்?

ழான்-அந்துவானெத் புவாசோன் 1721இல் பாரிஸில் பிறந்தவர். பிரபுக் குடும்பம் இல்லை, நிதித்துறையோடு தொடர்புள்ள நடுத்தர வர்க்கம். 1741இல் திருமணம். 1745 பிப்ரவரியில் வெர்சாய் அரண்மனையில் இளவரசரின் திருமணத்துக்காக நடந்த முகமூடி நடனத்தை ஒட்டி 15ஆம் லூயியோடு பழக்கம். அதே ஆண்டு போம்பதூர் சீமாட்டி என்ற பட்டத்தோடு அரசவைக்குள் நுழைந்தார். அரசரின் அதிகாரபூர்வக் காதலி என்பது அந்த அரசவையில் ஏறக்குறைய ஒரு பதவி. அதுவரை அதைப் பெரும்பாலும் பிரபு வம்சத்துப் பெண்களே வகித்தார்கள்.

அரசவை அவரை மன்னிக்கவில்லை. 'புவாசோன்' என்றால் பிரெஞ்சில் மீன். அந்தப் பெயரை வைத்து அவரைத் திட்டும் கேலிப் பாட்டுகள் பாரிஸ் முழுக்கச் சுற்றின. அப்படி ஒரு பாட்டின் விவகாரத்தில் 1749இல் மொர்ப்பா என்ற மந்திரியே பதவி இழந்தார். ஒரு பாட்டு மந்திரியைக் கவிழ்க்க முடிகிற இடத்தில், ஓர் ஓவியமும் சும்மா இருக்காது என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1750ஐ ஒட்டி அரசரோடு உடலுறவு முடிந்துவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு காதலியின் கதை முடிந்து, அவர் ஒரு மாளிகைக்கோ மடத்துக்கோ போய்ச் சேருவார். போம்பதூர் போகவில்லை. வெர்சாயிலேயே இருந்தார். நண்பர், ஆலோசகர், கலைக் காரியங்களுக்குப் பொறுப்பானவர் என்று தன் இடத்தை மாற்றிக்கொண்டார். சரி, அந்த மாற்றத்தை ஊருக்கு எப்படிச் சொல்வது? அரசாணை போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை அது. ஓவியத்தில்தான் சொல்ல முடியும்.

## படத்துக்குள்ளே

சாய்வு இருக்கையில் மெத்தைகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நம்மைப் பார்க்கவில்லை. சுற்றிலும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கையில் விரித்த புத்தகம். படிப்பதை நிறுத்திவிட்டு எதையோ யோசிக்கிற நிலை. பழைய சீமாட்டிப் படங்களில் கையில் விசிறி இருக்கும், பூ இருக்கும், இல்லாவிட்டால் பெண் தேவதை வேடத்தில் இருப்பாள். இதே போம்பதூரை 1746இல் ழான்-மார்க் நாத்தியே வேட்டைத் தெய்வம் டயானாவாக வரைந்தார். பத்து ஆண்டு கழித்து தேவதை வேடம் போய்விட்டது. வாசிக்கிற பெண் வந்துவிட்டார்.

2. பின்னால் இருக்கும் பெரிய நிலைக்கண்ணாடியும் அதில் தெரியும் புத்தக அலமாரியும். அலமாரி நாம் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்; அதாவது பார்வையாளரையே அவருடைய நூலகத்துக்குள் நிற்க வைத்துவிட்டார் பூஷே. இது கற்பனைச் சொத்தும் இல்லை. போம்பதூர் இறந்தபின் விற்பனைக்கு வந்த நூலகத்தில் 3,500க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன.

3. பக்கத்தில் சின்ன எழுதுமேசை. இழுப்பறை திறந்திருக்கிறது, மைக்கூட்டில் இறகுப் பேனா நிற்கிறது, கடிதம் இருக்கிறது, முத்திரை வைக்க அரக்கும் மெழுகுவர்த்தியும் இருக்கின்றன. என் பார்வையில் இந்தப் படத்தின் மையம் இதுதான். முத்திரையோடு கூடிய கடிதம் என்றால் ரகசியம் காக்க வேண்டிய கடிதம். காதல் கடிதம் என்று எடுத்துக்கொள்ளலாம், அரசாங்கக் கடிதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் வைத்துத்தான் பூஷே வரைந்திருக்கிறார். அப்போது பதவி கேட்டும் சலுகை கேட்டும் வருகிறவர்கள் போம்பதூர் வழியாகத்தான் அரசரை நெருங்கினார்கள். படத்தைப் பார்த்த எந்த அரசவைக்காரருக்கும் அந்த மேசை புரிந்திருக்கும்.

4. தரையில் சுருட்டிய தாள்கள், இசைக் குறிப்புகள், செதுக்கு அச்சுப் படங்கள், வரைகோல். போம்பதூர் தானே செதுக்கு அச்சு வேலை செய்தவர். மணிக்கல் செதுக்கும் ழாக் குவே அரசருக்காகச் செய்த வேலைகளை பூஷே வரைந்து கொடுக்க, போம்பதூர் தகட்டில் பொறித்து ஒரு படத்தொகுதியே அச்சிட்டார். ஓவியர்களுக்குப் பணம் கொடுக்கிறவர் என்பதோடு, ஓவியர்களின் வேலை தெரிந்தவர் என்றும் அந்தத் தரை சொல்கிறது.

5. காலடியில் ஒரு குட்டை ஸ்பேனியல் நாய், வெட்டிய ரோஜாக்கள். நாய் விசுவாசம், ரோஜா காதல். ஐரோப்பிய ஓவியத்தில் எல்லாரும் அறிந்த குறியீடுகள், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

6. உடை. முதலில் கண்ணில் படுவதும் அதுதான், கடைசியாக மறப்பதும் அதுதான். நீலம் கலந்த பச்சைப் பட்டு, பாவாடை முழுக்க ரோஜாக்கள், மார்பில் மேலிருந்து கீழாக ஏணிப்படிபோல் இளஞ்சிவப்பு ரிப்பன் முடிச்சுகள், முழங்கையில் அடுக்கு லேஸ், கீழே எட்டிப் பார்க்கும் சிறிய குதிகால் செருப்பு. பட்டும் லேஸும் பிரான்சின் பெரிய தொழில்கள். உள்நாட்டுப் பட்டையும் கம்பளியையும் காக்க, இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோழமண்டலக் கரையிலிருந்து, வந்த அச்சிட்ட பருத்தித் துணிக்கு 1686 முதல் 1759 வரை பிரான்சில் தடை இருந்தது. அரசவையின் முக்கியமான பெண் எதை உடுத்துகிறார் என்பது அந்த நாட்டுக்குத் தொழில் சம்பந்தமான செய்தி.

இன்னொன்று படத்தில் இல்லாததால் முக்கியம். அரசரின் முகம் எங்கும் தெரிவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1758இல், பூஷே அவரை அலங்கார மேசை முன் வரைந்தபோது கைக்காப்பில் 15ஆம் லூயியின் உருவம் செதுக்கிய மணிக்கல் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் படம் இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. 1756 படத்தில் அந்தத் துணை தேவைப்படவில்லை. புத்தகமும் பேனாவும் கடிதமுமே போதுமானதாக இருந்தன.

## ஏன் 1756?

1756 பிப்ரவரியில் போம்பதூர் அரசி மரி லெஷ்சின்ஸ்காவின் அரண்மனைத் தோழியரில் ஒருவராக நியமிக்கப்பட்டார். அரசரின் முன்னாள் காதலி அரசிக்கே பணிவிடைப் பெண் ஆவது சாதாரண விஷயமில்லை. திருச்சபையோடு சமாதானம் ஆக வேண்டும், ஒழுக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டதாகக் காட்ட வேண்டும். கணவரிடமே திரும்பி வர முன்வந்து அவர் கடிதம் எழுதினார், கணவர் ஏற்கவில்லை.

வெளியுறவிலும் அது முக்கியமான நேரம். முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரியத் தூதர் ஸ்டாரெம்பெர்க்கோடு ரகசியப் பேச்சு தொடங்கியபோது அதற்கு வழி ஏற்படுத்தித் தந்தது போம்பதூர்தான். பிரான்சின் சார்பில் பேசியவர் அவருடைய நண்பர் பெர்னீஸ். நூற்றாண்டுக் கணக்கான பகையை மாற்றி, 1756 மே 1ஆம் தேதி பிரான்சும் ஆஸ்திரியாவும் வெர்சாயில் உடன்படிக்கை செய்துகொண்டன.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எழுதுமேசையின் திறந்த இழுப்பறை வேறு மாதிரி தெரிகிறது. பூஷேயின் படம் 1757இல் லூவ்ரில் நடந்த சலோன் கண்காட்சிக்கு வந்தது. சலோனுக்குக் கட்டணம் கிடையாது. பிரபுவும் வருவார், கடைக்காரரும் வருவார். முந்தைய சலோனில், 1755இல், மொரிஸ் கான்தாந் த லா தூர் வரைந்த போம்பதூரின் பேஸ்டல் படம் வைக்கப்பட்டிருந்தது. அதில் மேசைமேல் இருக்கும் நூல்களின் பெயரையே படிக்கலாம்: மோன்தெஸ்கியூவின் 'சட்டங்களின் உட்கருத்து', வோல்தேரின் 'ஆன்ரியாத்', பிறகு திதெரோ என்ற தத்துவவாதி பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி. அந்தக் களஞ்சியத்தின் முதல் இரண்டு தொகுதிகளை அரசு 1752இல் தடை செய்திருந்தது! லா தூரின் படம் துணிந்து பேசுகிறது. பூஷேயின் படம் அதே விஷயத்தைப் பட்டுக்குள் பொதிந்து சொல்கிறது. அரசியின் தோழி ஆகிவிட்ட பெண்ணுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு.

## எண்ணெய் வண்ணம் இதில் செய்யும் வேலை

லா தூரின் படம் பேஸ்டல், அதாவது நிறப்பொடியைக் குச்சியாக்கித் தாளில் தீட்டுவது. மென்மை கிடைக்கும்; ஆனால் பொடி உதிரும், கண்ணாடிக்குள் வைத்தே ஆக வேண்டும். எண்ணெய் வண்ணத்தின் குணம் வேறு. ஆளி விதை எண்ணெயிலோ வால்நட் எண்ணெயிலோ நிறப்பொடியை அரைத்துச் செய்வது. எண்ணெய் மெதுவாகக் காய்வதால், ஈரம் இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைத்துவிடலாம். கன்னத்தில் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

பட்டு என்றால் கதை வேறு. பட்டின் பளபளப்புக்குக் கூர்மையான எல்லை வேண்டும். அடியில் ஒரு நடுநிறம் காய்ந்தபின், மடிப்பின் பள்ளத்தில் மெல்லிய, ஒளி ஊடுருவும் இருள் பூச்சு கொடுப்பார்கள். மடிப்பின் முகட்டில் ஈய வெள்ளை கலந்த கெட்டியான வண்ணத்தை ஒரே இழுப்பில் வைப்பார்கள். கிட்டே போனால் தூரிகைத் தடம், எட்ட நின்றால் பட்டு. லேஸும் அப்படித்தான்: ஒவ்வொரு நூலையும் வரைவதில்லை, கெட்டி வெள்ளையின் சில சுழிப்புகளைக் கண்ணே லேஸாக முடித்துக்கொள்கிறது.

நீலத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. லாபிஸ் கல்லிலிருந்து எடுக்கும் நீலம் மிகவும் விலை உயர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பெர்லினில் பிரஷ்ய நீலம் செயற்கையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மலிவான, அடர்ந்த நீலம். மஞ்சள் சேர்த்தால் பச்சை. பூஷே தலைமுறையின் குளிர்ந்த நீலப் பச்சைகளுக்குப் பின்னால் இந்த ரசாயனமும் இருக்கிறது.

இன்னொரு ஒற்றுமை என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்க வைக்கும். அரசவைப் பெண்கள் முகத்துக்கு ஈய வெள்ளை பூசி, கன்னத்துக்குக் கார்மைன் போன்ற சிவப்பு தீட்டினார்கள். ஓவியரின் தட்டில் இருந்ததும் அதே ஈய வெள்ளை, அதே வகைச் சிவப்பு. அரிதாரம் பூசிய முகத்தை அதே பொருள்களால் ஓவியர் மீண்டும் ஒருமுறை பூசினார். அதனால் 'முகம் பொம்மை மாதிரி இருக்கிறதே' என்ற இன்றைய குறைக்குப் பாதி விடை, அவர்கள் நேரிலும் அப்படித்தான் தோன்ற விரும்பினார்கள் என்பது.

## மீதிப் பாதி விடை

மீதியை பூஷேயின் காலத்து விமர்சகர்களே சொன்னார்கள். 1757 சலோனில் இந்தப் படத்தைப் பார்த்த கிரிம் என்ற விமர்சகர், நிறம் மோசம், அலங்காரச் சுமை அதிகம் என்று எழுதினார். திதெரோ 1761இல் பூஷேயைப் பற்றி எழுதிய வரி இன்னும் பிரபலம்: இந்த மனிதரிடம் எல்லாம் இருக்கிறது, உண்மையைத் தவிர.

இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் தரவரிசையில் வரலாறு, புராண ஓவியங்களுக்கு முதலிடம். உருவப்படம் அதற்குக் கீழே. பணக்காரர்கள் எல்லாரும் தங்கள் முகத்தை வரையச் சொல்லிக்கொண்டிருந்தால் நாட்டுக்கு நல்லது சொல்லும் ஓவியத்தை யார் வரைவார்கள் என்று லா ஃபோன் த சேந்த்-யென் என்ற விமர்சகர் 1747இலேயே கேட்டுவிட்டார். சீர்திருத்தம் பேசியவர்களுக்கு ரொக்கோக்கோ என்றால் பழைய ஆட்சியின் சொகுசு. அதில் பெண்களின் ரசனை ஆட்சி செய்கிறது என்ற வெறுப்பும் கலந்திருந்தது.

திதெரோ பெரிய விமர்சகர்தான். ஆனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை அவருடைய அளவுகோல் பொருந்தாது என்று நினைக்கிறேன். முகத்தில் உண்மையைத் தேடினால் கிடைக்காது. 34 வயதில், உடல்நலம் அவ்வளவாக இல்லாத ஒரு பெண்ணின் களைப்பு அங்கே இல்லை. உண்மை மேசைமேல் இருக்கிறது, தரையில் இருக்கிறது, கண்ணாடிக்குள் இருக்கிறது. செயலிகள் செய்து தரும் 'ரொக்கோக்கோ' படங்களில் விட்டுப்போவதும் அதுதான். முகத்தையும் பட்டையும் அவை எடுத்துக்கொள்கின்றன. யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

## படத்துக்கு வெளியே நடந்தது

ஆஸ்திரிய உடன்படிக்கையை அடுத்து வந்த ஏழாண்டுப் போர் பிரான்சுக்குப் பெரும் தோல்வி. பிரிட்டனோடு மோதல் அமெரிக்காவில் முன்பே தொடங்கியிருந்தது, அதை இந்த ஒப்பந்தத்தின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் பழியில் பெரும்பங்கு போம்பதூர்மேல் விழுந்தது. அந்தப் போரின் ஒரு முனை தமிழ்நாட்டில் இருந்தது: 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை தோற்றது, மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி பிரிட்டிஷாரிடம் சரணடைந்தது, கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. 1763 பாரிஸ் உடன்படிக்கையில்தான் ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த 1763ஆம் ஆண்டிலேயே போம்பதூர் கடைசி முறையாக ஓர் எண்ணெய் உருவப்படத்துக்கு உட்கார்ந்தார். ஓவியர் பிரான்சுவா-ஊபேர் துருவே. படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பூப்பின்னல் சட்டத்தின் முன், பூ வரைந்த உடையில், நாய் பக்கத்தில் இருக்க, புத்தக அலமாரி பின்னால் நிற்க உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் வயது தெரிகிறது. அந்த முகம் மட்டும் தனியாக ஒரு செவ்வகத் துண்டு கான்வாஸில் வரையப்பட்டு, பிறகு பெரிய கான்வாஸோடு இணைக்கப்பட்டது. சீமாட்டிகளை மணிக்கணக்கில் உட்கார வைக்க முடியாது என்பதால் முகத்தை நேரில் பார்த்து வரைந்துவிட்டு, உடையையும் அறையையும் ஓவியக்கூடத்தில் முடித்துக்கொள்வது வழக்கம். துருவே உடையை முடித்தது 1764 மே மாதம். போம்பதூர் ஏப்ரல் 15ஆம் தேதியே, 42 வயதில், வெர்சாயில் இறந்திருந்தார்.